பிறந்த ஊருக்கா, பிடித்த ஊருக்கா? இடம்பெயரும் ஆற்று மீனுக்காக மாநிலங்கள் வழக்காடுவது பற்றி

கேள்வி: தேவகோட்டை வாசகி

வணக்கம். நான் சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு மாணவி. கேட்க வந்தது மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு ஒன்றைப் பற்றி என்றாலும், அந்தக் கேள்வி எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில்தான் முளைத்தது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கண்மாய்க்கு நேர் மேலே இன்னோர் ஊரின் கண்மாய் இருக்கிறது. அது பெருகி மறுகால் பாய்ந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். ஐப்பசியில் முதல் வெள்ளம் ஓடையில் இறங்கும் இரவில், எங்கள் கண்மாயில் கிடக்கும் கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஓட்டத்தை எதிர்த்து ஓடை வழியே ஏறி, மேல்கண்மாயின் உபரிநீர் வழியும் கலுங்கின் அடியில் போய்க் குவிந்து நிற்கும். மேலூர்க்காரர்கள் அங்கே பறி வைத்து விடிவதற்குள் அள்ளிவிடுவார்கள். சென்ற முறை எங்கள் ஊரில் மீன்பாசி ஏலம் எடுத்தவர் கைப்பணம் போட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருந்தார். பங்கு கேட்கப் போனவரிடம், “உங்கள் மீன் என்று செதிலில் முத்திரை குத்தியிருக்கிறதா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் அப்பத்தாவோ, அவர்கள் கண்மாய் மறுகால் பாயும்போது அவர்கள் விட்ட குஞ்சும் நம் கண்மாய்க்கு அடித்துக்கொண்டு வருகிறதே, அதற்கு நாம் என்றைக்காவது காசு கொடுத்தோமா என்று கேட்கிறார். இரண்டுக்கும் என்னிடம் விடை இல்லை.

இதற்கிடையில் அரசமைப்புச் சட்டப் பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் ஐடஹோ என்ற மாநிலம் தன் மலையாறுகளில் பிறக்கும் சால்மன் மீனில் பங்கு கேட்டு, ஆரிகன், வாஷிங்டன் ஆகிய இரு மாநிலங்கள் மீது நேரே உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது என்று ஓர் அடிக்குறிப்பில் பார்த்தேன். அந்த வழக்கின் முழு விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். மீன் பிறந்த மாநிலத்துக்கு உரியதா, அது கடந்துபோகும் மாநிலத்துக்கா, பிடித்தவருக்கா? நாளைக்குக் காவிரி மீனுக்காகக் கர்நாடகமும் தமிழ்நாடும் இப்படி வந்து நின்றால் அது எந்த மன்றத்துக்குப் போகும்?

மறுமொழி: மறுகால்

அம்மா, எனக்குச் சட்டம் தெரியாது, கலுங்கு தெரியும். நாற்பது ஆண்டுகளாக ஆயக்கட்டில் பயிர் செய்கிறேன். உங்கள் ஊர்க் கதை எங்கள் பக்கத்திலும் உண்டு, ஆனால் தலைகீழாக. ஏனென்றால் எங்கள் கண்மாய் மேலே இருப்பது. ஒரு வருடம் குத்தகைக்காரர் தன் கட்லாவும் ரோகுவும் வெளியேறிவிடக் கூடாது என்று கலுங்கின் குறுக்கே வலை கட்டிவிட்டார். இரவு பெய்த மழையில் கருவேல முள்ளும் சருகும் ஆகாயத்தாமரையும் அடித்துக்கொண்டு வந்து அப்பியதில் வலையே சுவராகிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு நாங்கள் அரிக்கேன் விளக்கோடு போனபோது, தண்ணீர் கலுங்கில் விழுவதை விட்டுவிட்டுக் கரையில் தாழ்ந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் இடுப்பளவு நீரில் இறங்கி அரிவாளால் வலையை அறுத்தார்கள். மீன் போயிற்று, கரை நின்றது. குத்தகைக்காரர் ஊரிடம் நட்டஈடு கேட்டார், ஊர் கொடுக்கவில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மீன் வழக்கு மீனோடு நிற்பதில்லை. எங்கேயோ ஓரிடத்தில் தண்ணீர் வழக்காகவும் ஆகிவிடுகிறது. நீங்கள் சொல்லும் அந்த வழக்கில் அணை ஏதும் இருந்ததா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

மறுமொழி: காரைக்குடி வழக்கறிஞர்

அணை இருந்தது, ஒன்றல்ல, எட்டு. வழக்கின் தலைவிதியை எழுதியதே அந்த எட்டு அணைகள்தான் என்பது என் கருத்து. முதலில் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சினூக் என்ற சால்மனும் ஸ்டீல்ஹெட் என்ற மீனும் ஐடஹோவின் மலையோடைகளில் சரளைக் கற்களுக்கிடையே பொரிந்து, ஸ்நேக் ஆற்றில் இறங்கி, அது கலக்கும் கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக் கடலை அடைகின்றன. கடலில் சில ஆண்டுகள் வளர்ந்தபின் பிறந்த ஓடையையே தேடி அத்தனை தூரமும் எதிர்நீச்சல் போட்டுத் திரும்புகின்றன. முட்டையிட்டதும் சினூக் இறந்துவிடும். கொலம்பியாவின் கீழ்ப்பகுதி ஆரிகனுக்கும் வாஷிங்டனுக்கும் எல்லையாக ஓடுவதால், திரும்பி வரும் மீன் முதலில் அகப்படுவது அந்த இரு மாநிலத்தாரின் வலையில். ஐடஹோ கடைசி வரிசையில் நிற்கிறது. கீழே உள்ள இருவரும் மீன்பிடிப் பருவத்தைச் சேர்ந்து முடிவு செய்துகொள்ள ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் அதற்கு 1918-இல் ஒப்புதல் அளித்தது. அதில் சேர ஐடஹோ முயன்றும் இடம் கிடைக்கவில்லை. பங்காளிகள் இருவர் கூடி மூன்றாமவரை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதிக்கொண்ட கதைதான்.

ஐடஹோவின் வழக்கை உச்ச நீதிமன்றம் 1976-இல் ஏற்றுக்கொண்டு, சாட்சியம் பதிவு செய்யச் சிறப்பு ஆணையர் ஒருவரை நியமித்தது. அணைகளை நடத்துவது அமெரிக்க ஒன்றிய அரசு. பழங்குடிகளின் மீன்பிடி உரிமைக்குக் காப்பாளரும் அதுவே. அது வழக்கில் சேராததால் வழக்கே நிலைக்காது என்று அவர் முதலில் பரிந்துரைத்தார். 1980-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: ஐடஹோ கேட்பது இரு மாநிலத்தாரும் பிடிப்பதில் ஒரு பங்கு மட்டுமே, அதற்கு ஒன்றிய அரசு கட்டாயம் தரப்பினராக வேண்டியதில்லை என்றது.

இறுதித் தீர்ப்பு 1983 ஜூன் மாதம் வந்தது. எழுதியவர் நீதிபதி ஹாரி பிளாக்மன். 1907-இல் கான்சாஸ், கொலராடோ ஆகிய மாநிலங்களின் ஆற்றுநீர் வழக்கில் தொடங்கிய சமநீதிப் பங்கீடு என்ற கோட்பாடு, கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே இடம்பெயரும் மீனுக்கும் பொருந்தும் என்று அதில் முதன்முதலாகச் சொல்லப்பட்டது. ஓடும் நீரைப் போலவே ஓடும் மீனையும் ஒரு மாநிலம் தன் எல்லைக்குள் இருக்கும்போது முழுவதுமாக எடுத்துக்கொள்ள முடியாது. அது மட்டுமல்ல, தன் எல்லைக்குள் உள்ள இயற்கை வளத்தைப் பிற மாநிலங்களின் நலனுக்காகவும் காக்கவும், இயன்றால் பெருக்கவும், நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை ஒவ்வொரு மாநிலத்துக்கும் உண்டு என்றது தீர்ப்பு. எனவே வாசகியின் முதல் கேள்விக்கு விடை: பிறந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லை, பிடித்த மாநிலத்துக்கும் சொந்தமில்லை, இருவருக்கும் பங்கு கேட்கும் உரிமை உண்டு.

சிறப்பு ஆணையர் இன்னொரு காரணமும் சொல்லியிருந்தார். மீன் வரத்து ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் பங்கு பிரித்துத் தீர்ப்பாணை எழுதுவது நடைமுறையில் இயலாது என்றார். நீதிமன்றம் இதையும் மறுத்தது. நம் பக்கத்து வளவு வீடுகளுக்குப் பாகப்பிரிவினை வழக்கு நடத்தியவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். நாற்பது புள்ளிக்கு, அதாவது நாற்பது பங்காளிக் குடும்பங்களுக்கு, உரிமையுள்ள வீட்டின் முகப்பை நாற்பதாக அறுக்க முடியாது என்பதற்காக யாருக்கும் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

இவ்வளவு சொல்லிவிட்டும் ஐடஹோவின் வழக்கு தள்ளுபடியானது. மாநிலத்துக்கு எதிராக மாநிலம் நிவாரணம் கேட்டால், உண்மையான, கணிசமான பாதிப்பைத் தெளிவான, நம்பவைக்கும் சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். நீதிமன்றம் எடைபோட்டது 1975 முதல் 1980 வரையான நிலவரத்தை. ஏனென்றால் எட்டாவது அணை 1975-இல்தான் முடிந்தது. அந்த ஆண்டுகளில் கீழ் மாநிலங்கள் தங்கள் பிடிப்பைக் குறைத்துக்கொண்டிருந்தன. வரத்துக் குறைவுக்குப் பெரும் பொறுப்பு அணைகளுடையது. ஆரிகனும் வாஷிங்டனும் அளவுமீறிப் பிடித்ததால்தான் குறைந்தது என்பதை ஐடஹோ நிறுவவில்லை. நிலைமை மாறினால் மீண்டும் வரலாம் என்று வழி திறந்துவைத்தே தள்ளுபடி செய்தார்கள். சாண்ட்ரா டே ஓ’கானர் உட்பட மூன்று நீதிபதிகள் இதில் மாறுபட்டார்கள். நானும் அவர்கள் பக்கம்தான். எல்லாரும் சேர்ந்து வளத்தை அழித்த பிறகு, எஞ்சிய கொஞ்சத்தில் யார் எவ்வளவு எடுத்தார் என்று மட்டும் பார்ப்பது, கடைசியாக வந்தவனைத் தண்டிப்பதாகவே முடியும்.

மறுமொழி: பள்ளத்தூர் பொறியாளர்

பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அணை பற்றிய பகுதிக்கு மட்டும் சற்று விளக்கம் சேர்க்கிறேன்.

கடலிலிருந்து ஏறும் மீன் முதலில் சந்திப்பது 1938 முதல் இயங்கிவரும் பானவில் அணை. பிறகு டாலஸ், ஜான் டே, மெக்னரி. ஸ்நேக் ஆற்றில் ஐஸ் ஹார்பர், லோயர் மான்யுமெண்டல், லிட்டில் கூஸ், லோயர் கிரானைட். எட்டிலும் மீன் ஏணி உண்டு. ஏணி என்றால் படிப்படியாக நீர் நிரம்பிய தொட்டிகள். ஒரு தொட்டியிலிருந்து விழும் நீரை எதிர்த்து மீன் அடுத்த தொட்டிக்குத் தாவும். நம் கலுங்கின் கீழ்ப்புறத்தில் படிக்கட்டு போலக் கல் பாவியிருக்கும் இடங்களில் கெண்டை தாவுவதைப் பார்த்தவர்கள் அதைக் கற்பனை செய்துகொள்ளலாம். ஏணியின் ஓரிடத்தில் கண்ணாடிச் சாளரம் வைத்து, கடந்துபோகும் மீனை இனம் பிரித்து எண்ணிப் பதிகிறார்கள். பானவில்லில் இந்தக் கணக்கு 1938 முதல் இருக்கிறது. அந்தப் பேரேடு இல்லாவிட்டால் மேலே வழக்கறிஞர் ஐயா சொன்ன வழக்கில் பேசுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

ஏணி உதவுவது ஏறும் பெரிய மீனுக்குத்தான். சிக்கல் இறங்கும் குஞ்சில் இருக்கிறது. விரல் நீளக் குஞ்சு வெள்ளத்தோடு மிதந்து கடலுக்குப் போக வேண்டியது. எட்டு நீர்த்தேக்கங்களில் ஓட்டம் மிகவும் குறைந்துவிடுவதால் பயணம் நீண்டுவிடுகிறது, வழியில் பெரிய மீன் தின்கிறது, தப்பியது மின்னாக்கச் சுழலியில் சிக்குகிறது. இதனால் குஞ்சுகளைப் பிடித்துத் தொட்டிப் படகிலும் லாரியிலும் ஏற்றி, கடைசி அணைக்குக் கீழே கொண்டுபோய் விடும் வேலையையும் செய்துவருகிறார்கள். ஆற்று மீனை லாரியில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோவது!

ஐடஹோவின் பக்கம் முழுவதும் நியாயம் என்றும் சொல்வதற்கில்லை. ஸ்நேக் ஆற்றின் மேற்பகுதியில் அதே மாநிலத்தின் மின்னாக்க நிறுவனம் 1958-க்கும் 1967-க்கும் இடையில் முடித்த மூன்று அணைகளைத் தாண்டிச் சால்மன் மேலே போக வழியே இல்லை. அதற்கு அப்பாலிருந்த முட்டையிடும் ஓடைகள் அன்றோடு போயின.

வழக்கு முடிந்தபின் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரி கடலிலிருந்து ஏறத்தாழ 1,450 கிலோமீட்டர் தொலைவில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சாக்கை என்னும் சால்மன் அங்கேதான் திரும்பும். 1991-இல் ஸ்நேக் ஆற்றுச் சாக்கை அழியும் நிலையிலுள்ள இனம் என்று அறிவிக்கப்பட்டது. 1992-இல் அந்த ஏரிக்குத் திரும்பியது ஒரே ஓர் ஆண் மீன்.

மறுமொழி: பாம்பாற்றுக்காரன்

வழக்கறிஞர் அண்ணன் “பிறந்த மாநிலத்துக்குச் சொந்தமில்லை” என்று சொன்னதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். மாநிலங்களுக்கிடையே அது சரி. நாடுகளுக்கிடையே வேறு விதமாகப் போயிருக்கிறது. 1893-இல் பாரிஸ் நடுவர் மன்றத்தில், தன் தீவுகளில் பிறக்கும் கடல்நாய்கள் நடுக்கடலிலும் தன் சொத்து என்று அமெரிக்கா வாதிட்டுத் தோற்றது உண்மை. ஆனால் 1982-ஆம் ஆண்டுக் கடல் சட்ட உடன்படிக்கையின் 66-ஆம் பிரிவு, ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகும் மீனில் முதன்மை அக்கறையும் பொறுப்பும் அது பிறக்கும் ஆற்றுக்குரிய நாட்டுக்கே என்கிறது. 1985-இல் அமெரிக்காவும் கனடாவும் செய்துகொண்ட பசிபிக் சால்மன் ஒப்பந்தமும், தன் ஆறுகளில் உற்பத்தியாகும் சால்மனுக்கு ஈடான பயன் ஒவ்வொரு நாட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்ற அடிப்படையில் எழுந்ததுதான்.

எழுதினார்களே தவிர அமைதி வரவில்லை. 1994-இல் தன் கடல்வழி கடக்கும் அமெரிக்க மீன்பிடிப் படகு ஒவ்வொன்றுக்கும் கனடா 1,500 டாலர் கட்டணம் விதித்தது; 1997 ஜூலையில் கனடா மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டு அலாஸ்காவின் பயணிகள் கப்பல் ஒன்றைப் பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகத்தில் மூன்று நாள் மறித்தார்கள். பிறகு 1999-இல் புதிய உடன்பாடு வந்தது.

விலாங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் அது சட்டத்துக்கும் அப்படித்தான். அது பிறப்பது கடலில், வளர்வது ஆற்றில். அங்கே பிறந்த ஊர் என்ற வாதமே செல்லாது. அதனால் 67-ஆம் பிரிவு, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை எந்த நாட்டு நீரில் கழிக்கிறதோ அந்த நாட்டிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. ஆக, சட்டம் தேடுவது பிறப்பிடத்தை அல்ல, செலவழித்து வளர்ப்பவரை என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி: காரைக்குடி வழக்கறிஞர்

தம்பி சொல்வது சரி. நான் பேசியது ஒரே அரசமைப்புக்குள் இருக்கும் மாநிலங்களைப் பற்றி. இன்னும் ஒரு தரப்பை நாங்கள் இருவருமே விட்டுவிட்டோம். 1855-இல் யாகமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்சே பழங்குடிகள் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மற்றவர்களோடு பொதுவில் மீன் பிடிக்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். கொலம்பியாவில் அவர்களுக்கு நியாயமான பங்கு உண்டென்று 1969-இலும், வாஷிங்டன் மாநில வழக்கில் பிடிக்கத்தக்க மீனில் பாதி என்று 1974-இலும் தீர்ப்பாயிற்று. 1979-இல் உச்ச நீதிமன்றம் பின்னதைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. மாநிலங்கள் இரண்டும் ஐடஹோவும் அடித்துக்கொண்டது மிச்சத்துக்காகத்தான். அந்தப் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாக மீன் பிடித்த செலிலோ அருவியை 1957 மார்ச்சில் டாலஸ் அணையின் நீர்த்தேக்கம் மூழ்கடித்துவிட்டது. உரிமை ஏட்டில் இருந்தது, இடம் நீருக்கடியில் போயிற்று.

மறுமொழி: தேவகோட்டை வாசகி

அனைவருக்கும் நன்றி. காவிரி பற்றிக் கேட்டதற்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை. அரசமைப்புச் சட்டத்தில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆம் இனமாக இருக்கிறது. 262-ஆம் பிரிவோ ஆற்றுநீர்த் தகராறை மட்டும் சொல்கிறது. அப்படியானால் மீன் தகராறு 131-ஆம் பிரிவின் கீழ் நேரே உச்ச நீதிமன்றம் போகும் என்று கொள்ளலாமா?

மறுமொழி: காரைக்குடி வழக்கறிஞர்

மனுவை எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அம்மா. 1956-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்த் தகராறுச் சட்டத்தில் நீர்த் தகராறு என்பது ஆற்றுநீரின் பயன்பாடு, பங்கீடு, கட்டுப்பாடு பற்றியது. அப்படிப்பட்ட தகராறை விசாரிக்க உச்ச நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை என்று 11-ஆம் பிரிவு தடுக்கிறது. “மேல் மாநிலம் முட்டையிடும் பருவத்தில் அளவுமீறிப் பிடிக்கிறது, எங்கள் பங்கைத் தர வேண்டும்” என்று மட்டும் எழுதினால் அது மீன் பற்றிய வழக்கு. 131-இன் கீழ் வரலாம் என்பது என் கருத்து. “மீன் ஏறும் மாதத்தில் தண்ணீர் விடவில்லை” என்று ஒரு வரி சேர்த்தாலும் அது நீரின் கட்டுப்பாடு பற்றியதாகி, தீர்ப்பாயத்துக்குப் போய்விடும். மறுகால் ஐயா அரிவாளோடு கலுங்கில் நின்றபோது கண்டதும் இதைத்தான்.

காவிரியில் மீனுக்கென்று யாரும் தனியே பங்கு கேட்கவில்லை. 2018 பிப்ரவரி 16-ஆம் நாள் தீர்ப்பில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று முடிவானபோதும், சுற்றுச்சூழலுக்காக 10 டி.எம்.சி. தனியே நின்றது. மீனின் பங்கு என்று எதையாவது காட்ட முடியுமானால் அது அந்தப் பத்துக்குள்தான் இருக்கிறது. காவிரி ஆற்றுத் தொகுதியில் மட்டுமே வாழும் திமில் மகசீர் மிக அருகிய இனமாகப் பட்டியலில் ஏறியதும் அதே ஆண்டில். கடலிலிருந்து ஏறும் உல்லம் என்ற ஹில்சா மீனுக்கோ வழக்குப் போடவே காலம் கடந்துவிட்டது. கொள்ளிடத்தில் 1836-இல் கட்டிய கீழணையும், 1934-இல் முடிந்த மேட்டூர் அணையும் அதன் வழியை அடைத்துவிட்டன. கங்கையில் 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபராக்கா அணைக்கு மேலேயும் அதே நிலைதான்.

மறுமொழி: மறுகால்

வாசகி அம்மா, உங்கள் இரண்டு ஊருக்கும் உச்ச நீதிமன்றம் வேண்டாம். உங்கள் ஊர் குத்தகைக்காரர் எத்தனை ஆயிரம் குஞ்சு விட்டார், என்ன இனம், கோடையில் கண்மாயை அழித்தபோது எவ்வளவு எடை கிடைத்தது என்று எழுதி வைத்திருக்கிறாரா? மேலூரிலும் அதே கணக்கு இருக்கிறதா? அது இருந்தால் நானே வந்து இரு ஊர்ப் பெரியவர்களையும் ஒரு திண்ணையில் உட்கார வைக்கிறேன்.

மறுமொழி: தேவகோட்டை வாசகி

ஐயா, இன்று காலை குத்தகைக்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். குஞ்சு வாங்கிய ரசீது இரண்டு வருடத்துக்கு இருக்கிறது. பிடித்த எடையைக் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறார். அதில் ஒரு வருடம் முழுதாக இருக்கிறது, இன்னொரு வருடத்தில் பாதிப் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. மேலூரில் எதுவும் எழுதுவதில்லையாம். இந்தப் புரட்டாசியிலிருந்து இரண்டு கலுங்கிலும் ஆள் வைத்து எண்ணலாமா என்று அவர் கேட்கிறார். இரவில் பறியில் விழுவதை எப்படி எண்ணுவது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. பொறியாளர் ஐயா சொல்ல முடியுமா?